சிலேட்டுக் கூரையில் சோலார் பேனல்: பிடிமானம் கல்லிலா, மரத்திலா?

லண்டனில் நம்மவர்கள் கூடும் எந்த விசேஷத்திலும் இப்போது சோலார் பேச்சு வந்துவிடுகிறது. கரண்ட் பில் ஏறிய ஏற்றம் அப்படி. ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நூறு வருஷம் தாண்டிய வரிசை வீடுகளில் இருப்பவர்கள் வாயைத் திறந்தால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். "சிலேட்டுக் கூரையில் பேனல் வைக்கவே கூடாது, கல் உடைந்துபோகும்" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் ஒன்றுமில்லை, கல்லில் துளை போட்டு போல்ட்டை இறக்கி, சுற்றிலும் சிலிகான் பசை அடித்தால் வேலை முடிந்தது" என்பது இன்னொரு கட்சி.

இரண்டுமே தவறு. முதல் பேச்சை நம்பியவர்கள் தெற்குப் பார்த்த நல்ல கூரையைச் சும்மா விட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் இரண்டு மூன்று மழைக்காலம் போனதும் படுக்கையறையில் அண்ணாந்து கறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கூரையும் சிலேட்டுதான். பேனல் போடுவதற்கு முன்னால் ஆறு மாதம் பலரிடம் விசாரித்து, கூரை வேலை செய்பவர்களோடு சாரத்தில் ஏறி நின்று பார்த்துத்தான் இந்த விஷயம் எனக்குப் பிடிபட்டது. கட்டட வேலை எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று அடியிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

## சிலேட்டு எப்படிப்பட்ட கல்?

சின்ன வயதில் பலப்பத்தால் எழுதிய சிலேட்டுப் பலகை ஞாபகம் இருக்கிறதா? மரச்சட்டம் போட்ட கறுப்புக் கல். ஆந்திராவில் மார்க்காபுரம் அந்தக் கல்லுக்குப் பேர்போன ஊர். பிரிட்டனின் பழைய வீடுகள் தலையில் சுமப்பதும் அதே வகைக் கல்தான். பெரும்பாலும் அது வேல்ஸின் வடமேற்கிலிருந்து வந்தது. பெத்தெஸ்டா ஊரின் பென்ரின் குவாரி, பிளைனை பெஸ்டினியோக் சுரங்கங்கள், லான்பெரிஸ் பக்கத்து தினோர்விக் குவாரி இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு காலத்தில் இந்த நாட்டுக்கே கூரை போட்டன. தினோர்விக் 1969இல் மூடப்பட்டது. அந்த நிலப்பரப்பு முழுவதையும் 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இந்தக் கல் முதலில் சேறாக இருந்தது. பல கோடி ஆண்டுகள் பூமிக்குள் அழுந்தி, அழுத்தம் வந்த திசைக்குக் குறுக்கே அதன் நுண்துகள்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கொண்டன. அதனால்தான் உளியை வைத்துத் தட்டினால் புத்தகத்தின் பக்கம் பக்கமாகப் பிரிவதுபோல ஏடு ஏடாகப் பிரிகிறது. ஓர் ஏடு சாதாரணமாக 5 முதல் 8 மில்லிமீட்டர் கனம். தண்ணீரை அநேகமாகக் குடிப்பதே இல்லை. நல்ல வேல்ஸ் சிலேட்டு நூறு வருஷத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

அளவுகளுக்கு அந்தக் காலத்தில் சீமாட்டிகளின் பட்டங்களையே பெயராக வைத்தார்கள். 24க்கு 12 அங்குலம் என்றால் 'டச்சஸ்', 20க்கு 10 என்றால் 'கவுண்டஸ்', 16க்கு 8 என்றால் 'லேடி'. இன்றைக்கும் சில வயதான கூரைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பலமெல்லாம் சரி, இந்தக் கல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு. வளையவே வளையாது. பொரித்த அப்பளத்தைத் தட்டில் பரப்பி வைத்தால் அப்படியே இருக்கும். அதன் ஓரத்தில் ஒரு விரலால் அழுத்துங்கள், படீரென்று போய்விடும். சிலேட்டும் அப்படித்தான். பரவலான பாரத்தைத் தாங்கும், ஒரு புள்ளியில் அழுத்தினால் உடையும். இந்த அப்பளத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

## கூரை தண்ணீரை எப்படி வெளியே நிறுத்துகிறது

நம் ஊர் ஓட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். சரிவாக இறங்கும் கனமான மரம் கைமரம். அதன்மேல் குறுக்காக அடிக்கும் மெல்லிய மரப்பட்டை ரீப்பர். மங்களூர் ஓடு அந்த ரீப்பரில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். அதன் ஓரங்களில் காடி இருக்கும், ஓர் ஓடு இன்னொன்றோடு கோத்துக்கொள்ளும். அதனால் ஓட்டுக்கு ஓடு கொஞ்சம் ஏறி நின்றாலே போதும்.

சிலேட்டில் காடியும் கிடையாது, கொக்கியும் கிடையாது. தட்டையான வெறும் கல். பக்கத்துக் கல்லோடு அது சேரும் இடத்தில் ஒரு நேர்கோட்டு இடைவெளிதான் இருக்கும், மழைத்தண்ணீர் தாராளமாக அதில் இறங்கும். அப்படியானால் வீடு ஏன் ஒழுகவில்லை?

மீன் செதிலைப் பாருங்கள். ஒவ்வொரு செதிலும் கீழே இருப்பதன்மேல் பாதிக்கும் மேலாக ஏறிப் படுத்திருக்கும். சிலேட்டுக் கூரையும் அப்படித்தான். 500 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கல்லை எடுத்துக்கொண்டால், வெளியே தெரிவது கீழ்ப்பக்கத்து 200 மில்லிமீட்டர்தான். மிச்சம் 300ம் மேல்வரிசைக் கற்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஒரு வரிசையின் இடைவெளி, அடுத்த வரிசைக் கல்லின் நட்டநடுவில் விழும்படி அடுக்குவார்கள், செங்கல் சுவரில் இணைப்பு மாற்றி மாற்றி வருவதுபோல. இடைவெளியில் இறங்கிய தண்ணீர் கீழ்க்கல்லின் நடுமுதுகில் விழுந்து வழிந்து போய்விடும். கூரையின் எந்த இடத்தில் விரலை வைத்தாலும் அதற்கடியில் குறைந்தது இரண்டு கல் இருக்கும், சில இடங்களில் மூன்று.

மூன்று கல் வரும் அந்தப் பட்டைக்குக் கவிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரு கல், தனக்கு இரண்டு வரிசை கீழே இருக்கும் கல்லின் தலையையும் மூடுகிற நீளம் அது. வழக்கமாக 75 முதல் 100 மில்லிமீட்டர். இது ஏன் வேண்டும்? விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் பார்த்திருக்கிறோம். நெருங்கிக் கிடக்கும் இரண்டு தட்டைக் கல்லுக்கு நடுவிலும் தண்ணீர் அதேபோல மேல்நோக்கி ஏறும். காற்றும் சேர்ந்து தள்ளினால் இன்னும் ஏறும். அது தலைவரை ஏறி உள்பக்கம் வழிந்துவிடாமல் இருக்கத்தான் அந்தக் கவிவு.

ஒவ்வொரு கல்லையும் இரண்டே இரண்டு ஆணி ரீப்பரோடு பிடித்திருக்கிறது. அந்த ஆணித்துளைகள் எப்போதும் மேல்வரிசைக் கல்லுக்கு அடியில் மறைந்திருக்கும். நூறு வருஷத்துக்கு முன்னால் கூரை வேய்ந்தவர்கள், மழை நேராகப் படும் இடத்தில் ஒரு துளைகூட வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை சொன்னதில் முக்கியமானது இதுதான். சிலேட்டின் வேலை தண்ணீரை ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கைமாற்றிக் கீழே அனுப்புவது. அது எதையும் சுமப்பதில்லை. சுமப்பதெல்லாம் கைமரம்.

## துளை போட்டுப் பசை அடித்தால் என்ன ஆகும்

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒருவர் வீட்டில் இந்த முறையில்தான் பேனல் வைத்தார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது, செலவும் குறைவு. இரண்டாவது குளிர்காலத்தில் மாடி அறைக் கூரையில் டீக்கறை போல ஒரு வட்டம் வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரோடு நானும் பரணில் ஏறினேன். வெளியே தூறல்தான். கைமரத்தின் பக்கவாட்டில் போல்ட்டின் முனை துருத்திக்கொண்டிருந்தது, அதன் நுனியில் ஒரு சொட்டு நடுங்கிக்கொண்டு நின்றது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது விழுந்தது, அடுத்தது உருண்டு வந்தது. சுற்றியிருந்த மரம் கறுத்துப்போயிருந்தது. கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினேன், சோப்புக்கட்டியில் போவதுபோல உள்ளே போனது.

போல்ட்டில் குறையில்லை. நல்ல துருப்பிடிக்காத எஃகு. தப்பு எங்கே என்றால், வெளியே தெரியும் கல்லில் துளையிட்டதில்தான். அந்தத் துளை ஒரு கல்லோடு நிற்காது, அடியிலிருக்கும் இரண்டாவது மூன்றாவது கல்லையும் துளைத்துக்கொண்டுதான் மரத்தைத் தொடும். மேல் துளையை மட்டும் பசை மூடுகிறது. வெயிலில் கல் ஒரு அளவுக்கு விரிகிறது, போல்ட் வேறொரு அளவுக்கு, பசை இன்னொரு அளவுக்கு. போதாததற்குக் காற்று பேனலை ஆட்டும்போதெல்லாம் போல்ட்டும் மயிரிழை அசைகிறது. சில வருஷத்தில் பசை ஒரு ஓரத்தில் விட்டுப்போகும். பிறகு தண்ணீருக்கு நேர்வழி திறந்துவிடுகிறது. அந்த வழி முடிவதோ உங்கள் கைமரத்துக்குள்.

சிலிகான் பசை கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. குளியலறை ஓரத்துக்கு அருமையான பொருள். ஆனால் கூரையில் தண்ணீரைத் தடுக்கும் பொறுப்பைப் பசையிடம் மட்டும் ஒப்படைக்கக் கூடாது. பேனல் இருபத்தைந்து வருஷம் இருக்கப் போகிறது. அதற்கடியில் பசை விட்டுப்போனால் யார் போய்ப் பார்ப்பார்கள்?

## ஓட்டுக்கான கொக்கி ஏன் சிலேட்டுக்கு ஒத்துவராது

கான்கிரீட் ஓடு போட்ட வீடுகளில் வேறு முறை. 'எஸ்' போல வளைந்த எஃகுக் கொக்கியைக் கைமரத்தில் திருகி, ஓட்டின் குழிவு வழியாக வெளியே எடுத்து, அதன்மேல் அலுமினியச் சட்டத்தைப் பொருத்துவார்கள். ஓடு அலைபோல வளைந்திருப்பதால் கொக்கி நுழைய இடம் இருக்கும்.

தட்டைக் கல்லுக்கு நடுவே அந்த இடம் கிடையாது. கொக்கியைச் செருகினால் மேல் கல் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடுக்கில் காற்றும் மழையும் புகும். மெல்லிய கொக்கியைப் போட்டால் வேறு சங்கடம். பனி விழுந்தாலோ காற்று மேலிருந்து அழுத்தினாலோ மெல்லிய எஃகு கொஞ்சம் தாழும், தாழ்ந்து கீழே இருக்கும் கல்லின் ஓரத்தில் உட்காரும். அப்பளத்தின் ஓரத்தில் வைத்த விரல் ஞாபகம் இருக்கிறதல்லவா? அதுதான் இது. கல் அன்றைக்கே உடையாமல் ஒரு மார்ச் மாதக் காற்றில் உடையும். பேனலுக்கு அடியில் உடைவதால் தெரியவும் தெரியாது.

## எடையைவிடக் காற்றுதான் பெரிய கவலை

"பழைய கூரை பாரம் தாங்குமா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு பேனல் சுமார் 2 சதுர மீட்டர் பரப்பு, 20 முதல் 22 கிலோ எடை. சட்டம், கொக்கி எல்லாம் சேர்த்தாலும் சதுர மீட்டருக்குப் பதினைந்து கிலோவைத் தாண்டுவது அபூர்வம். கைமரம் நன்றாக இருந்தால் பெரும்பாலான வீடுகள் இதைத் தாங்கும். ஆனாலும் கைமரம் தொய்ந்திருக்கிறதா, கரையானைப் போன்ற மரப்பூச்சி அரித்திருக்கிறதா என்று ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்வது அவசியம். சிலேட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் ஓடு மாற்றிய வீடு என்றால் அது இன்னும் அவசியம், ஏனென்றால் அந்த ஓடே சிலேட்டைவிட நல்ல கனம்.

காற்று வேறு கதை. மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றுக்கு, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய நூறு கிலோ அழுத்தம் உண்டு. அது அப்படியே மேல்நோக்கி இழுத்துவிடாது. எவ்வளவு இழுக்கும் என்பது கூரையின் சரிவையும் பேனல் இருக்கும் இடத்தையும் பொறுத்தது. இருந்தாலும் 22 கிலோ பேனலை அதன் எடை மட்டும் கீழே பிடித்து வைக்காது என்பது தெளிவு. 2022 பிப்ரவரி 18இல் யூனிஸ் புயல் வந்தபோது வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 196 கிலோமீட்டர் பதிவானது, இங்கிலாந்தில் அதுவரை பதிவானதில் அதுதான் உச்சம். நம் ஊரில் புயல் நாளில் தகரக் கூரை பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கூரையின் முகட்டிலும் இறவாரத்திலும் பக்க ஓரங்களிலும் இந்த இழுப்பு அதிகம். அதனால் பேனலை ஓரம்வரை கொண்டுபோகாமல் எல்லாப் பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டும். "இன்னும் ஒரு பேனல் திணிக்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது இரண்டு விஷயம் கையில் இருக்கிறது. பேனலை மேலே இழுக்கும் விசை கைமரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், கல்லுக்கு அதில் பங்கு இருக்கக் கூடாது. தண்ணீர் செல்லும் பழைய வழி அறுபடவும் கூடாது. சரியான முறை என்று சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சாதிப்பதுதான்.

## சரியாக எப்படிப் பொருத்துகிறார்கள்

வேலை பரணில்தான் தொடங்குகிறது. பழைய வீடுகளில் கைமரங்கள் சம தூரத்தில் இருக்காது. அந்தக் காலத்துத் தச்சர் கண் அளவில் வைத்தது. ஒவ்வொரு கைமரமும் எங்கே போகிறது என்று உள்ளிருந்து அளந்து, வெளியே குறித்துக்கொள்ள வேண்டும். கைமரத்தின் அகலமே ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். திருகு அதன் நடுவில் இறங்காமல் ஓரத்தில் இறங்கினால் மரம் பிளந்துவிடும். தேவையான இடத்தில் கைமரம் இல்லையென்றால், இரண்டு கைமரங்களுக்கு நடுவே குறுக்குக்கட்டை வைத்து அதில் திருகலாம்.

பிறகு கற்களைக் கழற்ற வேண்டும். ஆணி மேல் கல்லுக்கு அடியில் இருக்கிறதே, எப்படிக் கழற்றுவது? அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. 'ரிப்பர்' என்பார்கள். மெல்லிய நீண்ட எஃகுப் பட்டை, நுனியில் இருபக்கமும் கொக்கி. அதைக் கல்லுக்கடியில் செருகி, ஆணியைத் தடவிக் கண்டுபிடித்து, கொக்கியை மாட்டி, கைப்பிடியில் சுத்தியலால் கீழ்நோக்கி ஓர் அடி. ஆணி அறுந்து கல் கையோடு வழுக்கி வரும். எங்கள் வீட்டில் வேலை செய்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். ஆணி எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையால் மட்டும் தேடினார். நல்ல ஆளா என்று தெரிந்துகொள்ள அதைப் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. சோலார் வேலை தெரிந்தவர் எல்லோருக்கும் சிலேட்டு வேலை தெரியாது. இரண்டு பேரும் ஒரே சாரத்தில் இருக்க வேண்டும்.

கல் விலகிய இடத்தில் கைமரம் தெரியும். அதன்மேல் பிராக்கெட்டின், அதாவது பேனல் சட்டத்தைத் தாங்கும் உலோகத் தாங்கியின், அடித்தட்டை வைத்து, ரீப்பர் மட்டத்துக்குத் தேவையானால் கட்டை கொடுத்து, முதலில் சின்னத் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை இறக்குகிறார்கள். எத்தனை திருகு, எவ்வளவு ஆழம் என்பதைக் காற்றுக் கணக்கு முடிவு செய்யும். ஸ்காட்லாந்தில் ரீப்பருக்குப் பதிலாகக் கைமரத்தின்மேல் முழுக்கப் பலகை அடித்து, அதன்மேல் நேரே கல்லை ஆணி அடிப்பது வழக்கம். அங்கேயும் பலகையில் மட்டும் திருகிவிட்டுப் போவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், திருகு கைமரம்வரை போக வேண்டும்.

அடுத்தது ஃபிளாஷிங். கூரையை எதாவது ஒன்று துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில், தண்ணீரைச் சுற்றி அனுப்புவதற்காக வைக்கும் உலோகத் தகடுதான் அது. ஈயத்திலும் இருக்கும், அலுமினியத்திலும் இருக்கும். நடுவில் ஒரு குழாய் கழுத்து மேலே எழும்பி நிற்கும், பிராக்கெட்டின் தண்டு அந்தக் கழுத்து வழியாக வெளியே வரும். தலை நுழையும் இடத்தில் கழுத்துப் பட்டை வைத்த மழைக்கோட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தகடு எங்கே உட்காருகிறது என்பதில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. மேலே இருக்கும் கல்லுக்கு அடியில், கீழே இருக்கும் கல்லுக்கு மேலே. அப்போதுதான் மேல் கல்லில் வழியும் தண்ணீர் தகட்டின்மேல் விழும், தகட்டில் வழிவது கீழ்க்கல்லின்மேல் விழும். அதாவது தகடே அந்த வரிசையில் ஒரு சிலேட்டாகிவிடுகிறது. பழைய கூரைக்காரர்கள் ஈயத்தில் செய்த இந்தத் தகட்டை 'ஈயச் சிலேட்டு' என்றுதான் சொல்கிறார்கள், எவ்வளவு பொருத்தமான பெயர்! துளை இருக்கிறது, ஆனால் அது கழுத்தின் உச்சியில், ஓடும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. பசை இங்கேயும் இருக்கலாம், கூடுதல் காவலாக மட்டும்.

கடைசியாகச் சுற்றியுள்ள கற்களை வெட்டிப் பொருத்துகிறார்கள். இப்போது ஆணி அடிக்க இடமில்லை, மேல் கல் மறைத்துவிட்டது. அதனால் செம்புப் பட்டையிலோ எஃகுக் கொக்கியிலோ கல்லைத் தொங்கவிடுவார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிராக்கெட்டின் கைக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் நுழைய வேண்டும். எங்காவது உலோகம் கல்லைத் தொட்டால் அந்த இடத்தை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

பத்துப் பேனலுக்கு இப்படி இருபது, இருபத்தைந்து இடம் வரும். ஒவ்வொன்றிலும் இந்த வேலை முழுதும் நடக்க வேண்டும். ஆக, ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், எந்தப் படியை விடப் போகிறார் என்று கேளுங்கள். வேலை நடக்கும்போது கல்லில் யாரும் நடக்கவும் கூடாது. முகட்டில் மாட்டும் கூரை ஏணி இருக்கிறது, அது பாரத்தைப் பரப்பும்.

சட்டமும் பேனலும் பொருத்துவது மற்றக் கூரைகளில் செய்வதுபோலத்தான், அதில் சிலேட்டுக்கென்று தனியாக எதுவுமில்லை. பேனலுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி இருப்பது நல்லது. பேனல் சூடேற ஏற மின்சாரம் குறையும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.3 முதல் 0.4 வரை. அந்த இடைவெளியில் புறா கூடு கட்டும், ஓரத்தில் கம்பிவலை அடித்துவிடுங்கள்.

## கூரையிலேயே பதிப்பது

இன்னொரு வழியும் உண்டு. பேனல் வரும் இடத்தில் சிலேட்டை மொத்தமாக எடுத்துவிட்டு, தட்டுப் போன்ற அடித்தளத்தைப் பதித்து, அதில் பேனலை வைப்பது. பேனலே கூரையாகிவிடும். பார்க்கவும் அழகு, கல்லோடு ஒரே மட்டமாக இருக்கும். சுற்றிலும் மட்டும் ஃபிளாஷிங் வரும், நடுவில் இருபது துளைக் கவலை இல்லை. எடுத்த கல் கைவசம் மிஞ்சும். அடியில் காற்றோட்டம் குறைவு, அதனால் கொஞ்சம் சூடேறும், உற்பத்தி சற்றுக் குறையும். கூரையை எப்படியும் புதிதாக வேய வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

## அதற்கும் முன்னால், கூரையின் உடம்பு எப்படி இருக்கிறது?

பழைய சிலேட்டுக் கூரைகள் சாவது பெரும்பாலும் கல்லால் அல்ல, ஆணியால். விக்டோரியா காலத்து இரும்பாணி துருப்பிடித்து, ஒவ்வொன்றாக அறுந்து, நல்ல கல் வழுக்கி விழும். இங்கே இதை 'ஆணி நோய்' என்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தாலே ஓரளவு தெரியும். கல்லின் கீழ் ஓரத்தில் நரைத்த சின்ன ஈயப்பட்டைகள் மடிந்து தெரிந்தால், அவை வழுக்கிய கல்லைப் பிடித்து நிறுத்த வைத்தவை. ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. கூரை முழுக்க இருந்தால், முதலில் செம்பாணி போட்டுக் கூரையை மறுபடி வேய வேண்டும். அதே கல்லையே பெரும்பாலும் திரும்பப் பயன்படுத்தலாம். அதைச் செய்யாமல் மேலே பேனலை வைத்தால், ஐந்து வருஷத்தில் எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றும் செலவு வரும்.

கல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் முறை நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். சந்தையில் மண்பானையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதேதான். எங்கள் கூரைக்காரர் கழற்றிய ஒவ்வொரு கல்லையும் ஒரு விரலில் தொங்கவிட்டுத் தட்டினார். 'கணீர்' என்றால் வலப்பக்கம், 'சொத்' என்றால் இடப்பக்கம். இடப்பக்கத்துக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கும், அல்லது ஏடுகள் உதிரத் தொடங்கியிருக்கும். என் மகளும் ஒரு மணி நேரம் நின்று தட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் காது பழகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. எல்லாக் கல்லும் விளிம்பு பிசகாமல் ஒரே அச்சாக, ஒரே கனமாக இருந்தால் அது உண்மைச் சிலேட்டாக இல்லாமல் சிமெண்ட்டில் செய்ததாக இருக்கலாம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுதாகத் தடை செய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முந்தைய சிமெண்ட் சிலேட்டில் அது கலந்திருக்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு விஷம். பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வரும்வரை அதில் துளையிடவோ வெட்டவோ யாரையும் விடாதீர்கள். பரணில் வௌவால் தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இங்கே அது சட்டப் பாதுகாப்பு பெற்ற உயிரினம், அதன் இருப்பிடத்தைக் கலைப்பது குற்றம்.

## அனுமதியும் பேச வேண்டியதும்

இங்கிலாந்தில் சாதாரண வீடுகளுக்குப் பெரும்பாலும் தனி அனுமதி வேண்டாம், பேனல் கூரைச் சரிவிலிருந்து 200 மில்லிமீட்டருக்குமேல் துருத்தாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடு என்றால் அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கூடுதல் விதிகள் உண்டு, உள்ளூர் கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள்.

நிறுவனங்களிடம் விலை கேட்கும்போது "எவ்வளவு?" என்பதோடு நிறுத்த வேண்டாம். என் கூரைக்கு எந்தப் பிராக்கெட், அதற்கு ஃபிளாஷிங் எது, படம் காட்டுங்கள் என்று கேளுங்கள். வெளியே தெரியும் கல்லில் துளை வருமா? காற்றுக் கணக்கு எழுத்தில் கிடைக்குமா? கற்களைக் கழற்றி மாட்டப் போவது யார், அவர் இதற்குமுன் சிலேட்டில் வேலை செய்திருக்கிறாரா? எனக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவர் தெருவிலிருந்தே அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொகை சொன்னார். பரணில் ஏற வேண்டாமா என்று கேட்டேன், தேவையில்லை என்றார். கைமரத்தைப் பார்க்காதவர் எதில் திருகப் போகிறார்?

எம்சிஎஸ் என்ற சான்றிதழ் திட்டத்தில் சாய்கூரைப் பொருத்துச் சாதனங்களுக்கென்றே எம்சிஎஸ் 012 என்று ஒரு தரம் இருக்கிறது. காற்றுத் தாங்குமா, மழை புகாமல் இருக்குமா, தீயில் எப்படி என்று சோதித்துத் தருவது. நீங்கள் வாங்கும் பிராக்கெட்டுக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள். சிலேட்டுக்காகச் சோதித்ததா, ஓட்டுக்காகச் சோதித்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பேனல் மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிராக்கெட்டையும் ஃபிளாஷிங்கோடு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். பேனல் ஏறியபின் இருபத்தைந்து வருஷத்துக்கு அந்த இடத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. வெட்டியது போக மிஞ்சிய முழுக் கற்களைக் குப்பைத்தொட்டியில் போடவும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் 'கணீர்' கற்கள் பதினொன்று மிஞ்சின. பரணில் செங்குத்தாகச் சாய்த்து வைத்திருக்கிறோம். அடுத்த புயலில் ஒன்று உடைந்தால் அதே நிறத்தில், அதே மலையில் வெட்டிய கல் கைவசம் இருக்கிறது. ஒன்றில் மட்டும் என் மகள் பலப்பத்தால் தன் பெயரையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறாள்.